பத்துக்குப் பத்து ரூமில் ரெண்டு வாண்டுகள்!

வீடு கட்டும்போது எல்லாவற்றுக்கும் பிளான் போடுகிறோம். பூஜை ரூம் எந்த மூலையில், சமையல் மேடைக்கு என்ன கல், வாசற்கதவு தேக்கா, வேங்கையா... எல்லாம் பேசி முடித்தபின் மிச்சம் விழுகிற இடத்தில் ஒரு சின்ன அறை. அதில் வேண்டாத சாமான், பழைய தையல் மெஷின், அரிசி மூட்டை. பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும், ‘இனிமே அது பசங்க ரூமுங்க!’ என்று பெயர் மாற்றம் நடந்துவிடும்.

அறை சின்னதாக இருப்பதில் தப்பே இல்லை. தேசிய கட்டட விதித் தொகுப்பே, இரண்டு அறை உள்ள வீட்டில் ஒன்று குறைந்தது 9.5 சதுர மீட்டர், இன்னொன்று 7.5 சதுர மீட்டர் இருந்தால் போதும் என்கிறது. நம் கணக்கில் சுமார் 102 சதுர அடியும் 81 சதுர அடியும். இதற்குள் இரண்டு குழந்தைகள் தாராளமாகத் தூங்கலாம், விளையாடலாம், சண்டை போடலாம். ஆனால், அந்த அறையில் எதை வைக்கிறோம், எதை வைக்காமல் விடுகிறோம் என்பதில்தான் அவர்களுடைய உடம்பு இருக்கிறது. வைத்தியனான நான் பெட்ரூம் அலங்காரத்தைப் பற்றி எழுத வந்த காரணமும் அதுதான்.

எங்கள் உடுமலைப் பக்கம் ஆனி, ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். பூளவாடி, குடிமங்கலம் பக்கம் காற்றாலைகள் விர்ரென்று சுற்றுவது இந்தக் காற்றில்தான். கூடவே காட்டுப் புழுதி, பஞ்சுத் தூசி, தேங்காய் நார்த் தூசி எல்லாம் வீட்டுக்குள் வரும். அந்த மாதங்களில் இளைப்போடு வருகிற குழந்தைகள் எங்களைப் போன்றவர்களிடம் அதிகம்.

‘ஏனுங்க டாக்டர், பசங்களுக்குன்னு ரூமையே புதுசா ரெடி பண்ணுனோமுங்க. அதுக்கப்புறந்தான் சின்னவனுக்கு ராத்திரி ராத்திரி இருமல்’ என்று ஒரு அம்மா சொன்னார். என்னென்ன வாங்கினீர்கள் என்று கேட்டேன். தரை முழுக்கக் கார்ப்பெட், ஜன்னலுக்கு இரட்டை அடுக்குத் திரை, கட்டில் நிறைய பஞ்சு பொம்மைகள். மேற்குப் பார்த்த ஜன்னல். அதன் கீழேயே சின்னவன் தலை! தூசி தங்குவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. கார்ப்பெட்டைச் சுருட்டி வெளியே போடுங்கள், திரையை ஒற்றையாக்கி வாரம் ஒரு தடவை துவையுங்கள், கட்டிலை எதிர்ச் சுவருக்குத் தள்ளுங்கள் என்றேன். மருந்தும் கொடுத்தேன். குழந்தை நல மருத்துவர் எழுதிய இன்ஹேலரை நிறுத்தக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். சித்த மருந்து சாப்பிடுகிறோமே என்று அதை நிறுத்துவது ஆபத்து.

பொம்மை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகள் விடவும் மாட்டார்கள். ஆளுக்கு ஒன்று, ரெண்டு படுக்கையில் இருக்கட்டும். அதையும் மாதம் ஒரு முறை பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்து, பிறகு துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் அந்தக் குளிரில் சாகும்.

கட்டிலா, பாயா?

என் ஓட்டு பாய்க்குத்தான். பாளையங்கோட்டையில் படித்த எங்களுக்குப் பத்தமடைப் பாயின் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. காலையில் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால், பத்துக்குப் பத்து ரூம் முழுக்கப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம்! ராத்திரி உருண்டாலும் விழ இடமில்லை. கோரைப்பாய் சூட்டைத் தணிக்கும் என்பது நம் வைத்திய மரபு. கொங்குச் சீமையின் சித்திரை வெயிலில் படுத்துப் பார்த்தவர்களுக்கு அதற்குச் சாட்சி தேவையில்லை. மார்கழியில் டைல்ஸ் தரை ஜில்லிடும்போது மட்டும் பாயின் கீழே ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்துவிடுங்கள்.

கட்டில்தான் வேண்டும் என்றால், இரண்டரை அடி அகலத்தில் இரண்டு கட்டில்களை எதிரெதிர்ச் சுவரோரம் போடுங்கள். நடுவில் ஐந்தடி கிடைக்கும். ஒரு கட்டிலின் அடியிலிருந்து இன்னொன்றை இழுத்துப் போடுகிற மாதிரியும் ஆசாரிகள் அழகாகச் செய்து தருகிறார்கள். மெத்தை அமுங்காமல் கெட்டியாக இருக்கட்டும். இலவம் பஞ்சு மெத்தை என்றால் அடிக்கடி வெயில் காட்ட வேண்டும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்து அடித்துத் தைக்கவும் வேண்டும். இதற்குச் சோம்பல்படுபவர்கள் இலவம் பஞ்சு பக்கமே போகாதீர்கள்.

‘வடக்கே தலை வெக்காதே’ என்று பாட்டி சொல்வார். சின்ன ரூமில் கதவு, ஜன்னல், பீரோ எல்லாம் போக, தலை வைக்க மூன்று திசையாவது மிஞ்சும். பாட்டியோடு சண்டை எதற்கு? ஜன்னலுக்கு நேர் கீழே தலை வராமல் பார்த்துக்கொண்டால் எனக்குப் போதும்.

இப்போது மாடிக் கட்டில் ஒரு மோகமாக வந்திருக்கிறது. கீழே ஒரு படுக்கை, ஏணி வைத்து மேலே ஒரு படுக்கை. கடையில் பார்க்க ஜோராகத்தான் இருக்கும். வாங்கும் முன் உங்கள் ரூமில் ஒரே ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். மேலே சீலிங் ஃபேன் சுற்றுகிறது! இறக்கைகள் தரையிலிருந்து சுமார் எட்டடி உயரத்தில் இருக்கும். மேல் படுக்கை அஞ்சடி உயரத்தில் இருந்தால், அதில் எழுந்து நிற்கிற மூன்றரை அடிப் பையனின் தலை எங்கே வரும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மேல் அடுக்கில் படுக்க வைக்கக் கூடாது என்பது வெளிநாடுகளில் ரொம்ப நாளாகவே உள்ள எச்சரிக்கை. ஃபேன் சுற்றும் நம் வீடுகளில் பத்து வயதானாலும் எனக்குச் சம்மதமில்லை.

போர்வை மட்டும் பங்கு வேண்டாம்

அண்ணனும் தம்பியும் அறையைப் பங்கு போடலாம். போர்வை, தலையணை, துண்டு, சீப்பு இவற்றை மட்டும் பங்கு போடக் கூடாது. ‘ஒரே வயித்துல பொறந்த புள்ளைங்கதானுங்களே!’ என்பார்கள். சொறி சிரங்கு, பேன், கீரிப்பூச்சி இதற்கெல்லாம் அந்த உறவு முறை தெரியாது.

கீரிப்பூச்சியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு, தூக்கத்தில் புரளுதல் என்றால் அதைச் சந்தேகிக்கலாம். இந்தப் பூச்சியின் முட்டைகள் துணியிலும் படுக்கையிலும் இரண்டு, மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும். ஒரு குழந்தைக்கு மட்டும் பூச்சி மருந்து கொடுத்துவிட்டு, அதே போர்வையில் ரெண்டு பேரையும் படுக்க வைத்தால் அடுத்த மாதம் மறுபடியும் என்னைப் பார்க்க வருவீர்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து எடுத்துக்கொண்டு, அன்றைக்கே படுக்கைத் துணி அத்தனையையும் வெந்நீரில் அலச வேண்டும். துணியை உதறாமல் சுருட்டி எடுங்கள், உதறினால் முட்டை அறை முழுக்கப் பறக்கும். குழந்தைகளின் நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பெரியவனுக்கு ஒரு நிறம், சின்னவளுக்கு ஒரு நிறம் என்று சென்னிமலைப் போர்வைகளாக எடுத்துவிட்டால் மாறிப் போகாது. ‘இது என்னுது’ என்று சொல்ல ஒரு பொருளும் கிடைக்கும். ஆளுக்கு ஒரு ஷெல்ஃப், ஆளுக்கு ஒரு மூங்கில் கூடை, அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் ஆளுக்கு ரெண்டு கொக்கி. சட்டையைத் தானே மாட்டத் தெரிந்த குழந்தைக்குப் பாதி பொறுப்பு வந்துவிடும். உயரமான அலமாரியும் பீரோவும் அந்த ரூமில் இருந்தே தீரவேண்டும் என்றால், கிளாம்ப் போட்டுச் சுவரோடு முடுக்கிவிடுங்கள். இழுப்பறைகளைத் திறந்து படிக்கட்டு மாதிரி ஏறுகிற வாண்டுகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். டி.வி.க்கு இந்த ரூமில் இடமே கிடையாது.

ரெண்டாவது குழந்தை வரப்போகிறது, மூத்ததைத் தனியே படுக்க வைக்க வேண்டும் என்றால், பிரசவத்துக்கு ரெண்டு, மூணு மாதம் முன்பே பழக்குங்கள். பாப்பா வந்த அன்றைக்குப் படுக்கையை மாற்றினால், ‘இது வந்ததாலதான் என்னைத் தள்ளிவிட்டாங்க’ என்று அந்தப் பிஞ்சு மனசு நினைக்கும். பிறகு படுக்கை நனைப்பது, சாப்பிட அடம் பிடிப்பது என்று ஆரம்பிக்கும். கைக்குழந்தை குறைந்தது ஆறு மாதமாவது உங்கள் ரூமில் உங்கள் பக்கத்திலேயே தனிப் படுக்கையில் இருக்கட்டும். பெரிய குழந்தையோடு ஒரே படுக்கையில் விடாதீர்கள். தூக்கத்தில் புரண்டு மேலே படுத்துவிட்டால் பாப்பாவால் விலக முடியாது. ஒரு வயதுவரை தலையணையும் வேண்டாம்.

தூளியை அவிழ்த்துவிட்டீர்களா?

நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். நம் ஊரில் குழந்தைகள் ரூமின் விட்டத்திலோ கொக்கியிலோ ஒரு சேலைத் தொட்டில் தொங்கிக்கொண்டே இருக்கும். பாப்பாவை எடுத்த பிறகும் அவிழ்க்க மாட்டோம், ‘மத்தியானம் மறுபடியும் போடோணுமே’ என்று. நாலு வயது, ஏழு வயது, ஏன் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட அது ஊஞ்சல்! உட்கார்ந்து முறுக்கிவிட்டுச் சுற்றுவார்கள். முறுக்கிய சேலை கழுத்தில் இறுகினால் கத்தக்கூட முடியாது. சில நிமிஷங்களில் உயிர் போய்விடும். பக்கத்து அறையில் இருக்கிற அம்மாவுக்குச் சத்தமே கேட்காது. தமிழ்நாட்டில் இந்தச் செய்தி பத்திரிகையில் வராத வருஷம் இல்லை. பாப்பாவை எடுத்தவுடன் சேலையை அவிழ்த்து மடித்து உயரே வையுங்கள். அவிழ்க்க முடியாவிட்டால் சுருட்டிக் கொக்கியிலேயே எட்டாதபடி மாட்டுங்கள். தாழத் தொங்கும் திரைக் கயிறு, ரூமுக்குள் கட்டிய துணிக் கொடி இவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

வாசனையில் இருக்கிறது விஷயம்

துணி அலமாரியில் பாச்சை உருண்டை போடுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. வெள்ளையாக மிட்டாய் மாதிரி இருக்கும், குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட என்சைம் குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, அந்த உருண்டையோடு கிடந்த துணியை உடுத்தினாலே சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும். உங்கள் குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்று பார்த்தால் தெரியாது. எனவே பாச்சை உருண்டையே வேண்டாம். நிழலில் காய்ந்த வேப்பிலை, நொச்சியிலை, ஒரு துண்டு வசம்பு. மூன்றையும் மெல்லிய துணியில் முடிந்து, மேல் தட்டில் போடுங்கள்.

கற்பூரமும் அந்த ரூமில் இருக்கக் கூடாது. விழுங்கினால் வலிப்பு வரும். சளிக்கென்று கற்பூரத் தைலம் தடவுவதும் இரண்டு வயதுக்குள் வேண்டாம்.

கொசுவத்திச் சுருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. சின்ன ரூமில் கதவைச் சாத்திவிட்டு அதைக் கொளுத்தி வைப்பதை நினைத்துப் பாருங்கள்! சாம்பிராணிப் புகையும் இளைப்புள்ள குழந்தைக்கு ஆகாது, நானே சொல்கிறேன். ஜன்னலுக்கு வலை அடித்து, படுக்கைக்குக் கொசுவலை கட்டுவதுதான் நல்லது. டெங்கு கொசு பகலில் கடிப்பது, அதனால் மத்தியானத் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

ராத்திரி விளக்கு வேண்டும் என்று கேட்கிற குழந்தைக்கு மறுக்காதீர்கள். சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் மங்கலான பல்பை, கண்ணில் நேரே படாமல் கால்மாட்டில் போடுங்கள். நீலமும் பளீர் வெள்ளையும் தூக்கத்தைக் கெடுக்கும். மூன்றிலிருந்து ஐந்து வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பத்து முதல் பதிமூன்று மணி நேரம் தூங்க வேண்டும். ஆறு வயதுக்கு மேல் ஒன்பது முதல் பன்னிரண்டு. ஆளுக்கு ஒரு நேரம் என்றால் சின்னதை முதலில் படுக்க வைத்துவிட்டு, பெரியது ஹாலில் பாடம் முடித்து வரட்டும்.

கடைசியாகச் சுவர். பிள்ளைகள் கிறுக்கத்தான் போகிறார்கள். ஒரு சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் கரும்பலகைப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டால் மற்ற மூன்று சுவரும் பிழைக்கும். மீதிக்கு வெளிர் நிறம் எதுவானாலும் சரி. பெயின்ட் டப்பாவில் ஈயத்தின் அளவைப் பாருங்கள். 90 பி.பி.எம்.முக்கு மேல் ஈயம் உள்ள வீட்டுப் பெயின்டை விற்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய பெயின்ட் ஜன்னல் கம்பியில் உரிந்துகொண்டிருந்தால், குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஈரம் பண்ணிச் சுரண்டச் சொல்லுங்கள். உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத் தூசி வீடெல்லாம் பரவும். இந்த வேலையைச் சித்திரை லீவில், ஆடிக்காற்று தொடங்குவதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கதவு ஜன்னலைத் திறந்து போட்டு, வாசனை முழுக்கப் போனபிறகு படுக்கையை உள்ளே கொண்டுபோங்கள்.