ஐம்பதில் திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு: ஹார்மோனும் ஒரு காரணம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுப் பண்டகசாலைகளில் சுக்கையும் மிளகையும் தரம் பிரிக்கிற பெண்கள் பொழுதுக்கும் குந்தியே இருக்க வேண்டும். ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற இடத்தில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கோ பாடு தண்ணீரோடு. இந்த மாதிரி வேலைகளில் ஒன்றுக்குப் போவதைத் தள்ளிப்போடுவார்கள். அதற்காகவே தண்ணீரைக் குறைத்துக் குடிப்பவர்களும் உண்டு. இளவயதில் உடம்பு இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். மாதவிலக்கு நின்ற பிறகு தாங்குவதில்லை. நீர்க்கடுப்பு வந்து, போய், மறுபடி வருகிறது. சூடு என்று இளநீரும் பார்லித் தண்ணீரும் குடித்துப் பார்க்கிறோம், அடங்காவிட்டால் ஆன்டிபயாடிக்.

உள்ளே நடப்பது வேறு. பிறப்புறுப்பின் உட்சுவர்ச் செல்களில் சர்க்கரைச் சத்தைச் சேர்த்து வைக்கச் செய்வது ஈஸ்ட்ரோஜன். லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அதை உண்டு அமிலம் சுரக்கும். அந்த அமிலத்தில் குடலிலிருந்து வரும் ஈ-கோலை கிருமி பிழைப்பது கடினம். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் வற்றியதும் உட்சுவர் மெலிகிறது, அமிலம் குறைகிறது, ஈ-கோலை எளிதாகச் சிறுநீர்ப் பைக்கு ஏறிவிடுகிறது.

1993-இல் இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. அடிக்கடி நீர்க்கடுப்பு வந்த, மாதவிலக்கு நின்ற 93 பெண்களில் ஒரு பிரிவினருக்கு எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் க்ரீமும் மற்றவர்களுக்கு வெறும் க்ரீமும் உள்ளே தடவக் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் எஸ்ட்ரியால் தடவியவர்களில் 10-க்கு 6 பேருக்கு நல்ல பாக்டீரியா திரும்பியது. மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் வெறும் க்ரீம் தடவியவர்களுக்குச் சராசரியாக 5.9 முறை தொற்று, எஸ்ட்ரியால் தடவியவர்களுக்கு 0.5. வேறு ஆய்வுகளில் வாய்வழி ஹார்மோன் மாத்திரை இந்தப் பலனைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மாற்றம் அந்த ஓரிடத்தோடு நிற்பதில்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள் பலவற்றில் ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பிகள் உண்டு. அது குறைந்தால் அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் போன்ற வேதிப்பொருள்கள் கூடுகின்றன. அவை எலும்பைக் கரைக்கும் செல்களையும் உசுப்பிவிடும். மாதவிலக்கு நின்றபின் எலும்பு தேய்வதில் எதிர்ப்பு மண்டலத்துக்கும் பங்கு இருப்பது இப்படித்தான். முழு உடலுக்குமான ஹார்மோன் சிகிச்சை இடுப்பெலும்பு முறிவைக் குறைக்கிறது. ஆனால் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயாளிகளுக்கு அந்தச் சிகிச்சையைக் கொடுத்துப் பார்த்த 2005 ஆய்வில், மிதமான நோய்க்கிளர்ச்சி சற்றுக் கூடியது, கடுமையானது கூடவில்லை. ஈஸ்ட்ரோஜனால் எதிர்ப்புச் சக்தி 'கூடும்' என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாது.

2002-இல் ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிய அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று மார்பகப் புற்று அபாயத்தால் பாதியில் நிறுத்தப்பட்டது. அதில் கொடுத்தது இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை. அந்தப் பயம் ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும் க்ரீமின் மீதும் ஒட்டிக்கொண்டது. அதனால் எத்தனையோ பெண்கள் வீணாக எரிச்சலோடு வாழ்ந்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆற்றாமை. க்ரீமின் அட்டையிலும் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிட்டிருந்த அபாய எச்சரிக்கையை நீக்குவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில் அறிவித்தது.

மருத்துவர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்கக் கேரளம் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' தொடங்கியது. நல்ல காரியம். எப்படியும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும் என்றால், மாதவிலக்கு நின்று எத்தனை வருடம் என்பதைக் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள், அக்கா. எந்தக் கிருமி என்று பார்க்கும் சிறுநீர் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள், க்ரீம் பற்றிக் கேளுங்கள். மார்பகப் புற்று இருந்திருந்தால் மறைக்காதீர்கள். க்ரீம் வேண்டுமா என்பதைப் புற்றுநோய் மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். சிறுநீரில் ரத்தம் கண்டாலோ, நடுக்கக் காய்ச்சலும் விலா வலியும் சேர்ந்து வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.