பந்தய நாளுக்கு இருபது ரூபாய்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதவியல் மாணவன்)

வரி வேறு, கட்டணம் வேறு என்பதைப் பொருளியல் துறை நண்பர்கள் நன்கு அறிவர். கணிதம் பயிலும் எனக்கு அது ஒரு வழக்கின் மூலமே விளங்கிற்று. குதிரைப் பந்தய வழக்கு என்றால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

1952இல் மைசூர் அரசு பந்தயத் திடல் உரிமச் சட்டத்தை இயற்றியது. உரிமம் பெறாமல் பந்தயம் நடத்தலாகாது. அச்சட்டமே 1984இல் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டது. அங்கே ரேஸ் கிளப் செலுத்தி வந்த உரிமக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? பந்தய நாள் ஒன்றுக்கு 20 ரூபாய்! பெயருக்குத்தான் அது கட்டணம். உண்மையில் விலக்கே எனலாம். ஒருவருக்கு விலக்கு அளிக்க அரசாணை வேண்டுமென்பதில்லை. தொகையைத் தொடாமல் விட்டுவிட்டால் போதும்; பணத்தின் மதிப்புத் தேயத் தேய விலக்கு தானாகவே வந்து சேரும்.

பின்னர் அக்கட்டணம் 2000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நூறு மடங்கு! இதற்கு ஈடாக அரசு எமக்குச் செய்யும் சேவை யாது என்று கிளப் வழக்காடியது.

கேள்வி நியாயமானதுதான். என் அம்மா வாரச் சந்தையில் தரைக்கடை போட்டுக் கீரை விற்பவர். கூடையை இறக்கியதும் சுங்கச் சீட்டு வந்துவிடும். அதற்கு ஈடாக இடமும் தண்ணீரும் துப்புரவும் கிடைக்க வேண்டும். (கிடைக்கிறதா என்பதை ஒரு மழை நாளில் வந்து பாருங்கள்.) இது சேவைக் கட்டணம். ஆனால் ஒரு தொழிலைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தவும் கட்டணம் உண்டு. அதற்கு ஈடான சேவையைக் காட்ட வேண்டியதில்லை, அளவு மீறாதிருந்தால் போதும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கூறி, 2000 ரூபாய் செல்லும் என்றது. சந்தைச் சுங்கமோ ஏலம் போகும்போதெல்லாம் ஏறுகிறது. அதை உயர்த்த எவரும் மறப்பதில்லை!

பந்தயத்தார் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. குதிரைப் பந்தயம் வெறும் சூது அன்று, திறமை சார்ந்த விளையாட்டே என்று தமிழ்நாட்டின் 1974ஆம் ஆண்டுப் பந்தய ஒழிப்புச் சட்டம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமே 1996இல் தீர்ப்பளித்தது. குதிரை பராமரிப்போர் பலரின் பிழைப்பும் அதில் இருக்கிறது. சலுகை வாங்குவதில் நானும் ஒருவனே. இக்கல்லூரியில் எனக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் உதவித்தொகை வேண்டுமென்றால் வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகப் படி ஏறுகிறேன். இவனுக்கு ஏன் தர வேண்டும் என்று கேட்கிறார்கள், கேட்கட்டும்.

கிண்டியில் அக்கேள்வி வெகுகாலம் கழித்தே எழுந்தது. நில வாடகை உரிமக் கட்டணம் அன்று; ஆயினும் கதை ஒன்றே. 1945ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ரேஸ் கிளப்புக்கு 160 ஏக்கர், 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. வகுத்துப் பார்த்தேன், ஏக்கருக்கு நான்கு ரூபாய்கூட வரவில்லை. உயர்த்தப்பட்ட வாடகையைக் கிளப் ஏற்க மறுத்து வழக்காடியது. பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று கண்டு, அதைச் செலுத்துமாறு 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது.