கல்வியில் இலட்சியவாதமும் யதார்த்தவாதமும்

இலட்சியவாதம், யதார்த்தவாதம் ஆகிய இரண்டும் கல்வித் தத்துவத்தின் மிகப் பழமையான சிந்தனை மரபுகளாகும். அடிப்படை உண்மை மனத்தால் அறியப்படும் கருத்துகளில் உள்ளதா, மனத்துக்கு வெளியே இருக்கும் பொருள்களில் உள்ளதா என்ற கேள்விக்கு இவை வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது, ஆசிரியரின் பணி என்ன, யாருக்கு உயர்கல்வி கிடைக்க வேண்டும் என்பன போன்ற நடைமுறை முடிவுகளிலும் அந்த விடைகளின் தாக்கம் உண்டு.

சொற்பொருள்

இலட்சியவாதம் என்ற சொல் மாணவர்களிடையே அடிக்கடி குழப்பத்தை உண்டாக்குகிறது. உயர்ந்த குறிக்கோளுடன் வாழ்வது என்ற அன்றாடப் பொருளில் தத்துவம் இச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை. கண்ணால் காணும் பொருள்களைவிடக் கருத்துகளே நிலையானவை, முதன்மையானவை என்பதே இங்குப் பொருள். ஆகவே இது கருத்துமுதல்வாதம், கருத்துக் கொள்கை என்றும் அழைக்கப்படுகிறது.

அதுபோல யதார்த்தவாதம் என்பது 'நடக்கக்கூடியதை மட்டும் எதிர்பார்ப்பது' அன்று. நாம் அறிந்தாலும் அறியாவிட்டாலும் பொருள்கள் தம்மளவில் இருக்கின்றன. அவற்றைப் புலன்களாலும் அறிவாலும் அறிய முடியும் என்ற நிலைப்பாடே யதார்த்தவாதம். மெய்ம்மைவாதம் என்ற சொல்லும் வழக்கில் உண்டு.

இலட்சியவாதம்

பிளேட்டோவின் கல்விச் சிந்தனை

இம்மரபின் தொடக்கம் ஏதென்ஸ் நகரத்துத் தத்துவஞானி பிளேட்டோவிடம் (ஏறத்தாழ கி.மு. 427–347) காணப்படுகிறது. நாம் காணும் அழகிய பொருள்கள் மாறும், அழியும். அழகு என்ற வடிவமோ மாறாதது என்று அவர் கருதினார். 'குடியரசு' நூலில் வரும் குகை உவமையில், சுவரில் விழும் நிழல்களையே உண்மை என்று நம்பிக் கட்டுண்டு கிடக்கும் மனிதர்களை அவர் காட்டுகிறார். கல்வி என்பது குருட்டுக் கண்ணில் பார்வையை வைப்பது அன்று. ஏற்கெனவே பார்வை உள்ள ஆன்மாவை ஒளியின் பக்கம் திருப்புவது என்பது அவ்வுவமையின் கருத்து.

இதற்கு வகுப்பறை எடுத்துக்காட்டு போல அமைவது 'மீனோ' உரையாடல். இரண்டு அடி பக்கம் கொண்ட சதுரத்தின் பரப்பை இருமடங்காக்க வேண்டும் என்று கல்வியறிவற்ற அடிமைச் சிறுவன் ஒருவனிடம் சாக்ரட்டீஸ் கேட்கிறார். பக்கத்தை நான்கு அடி ஆக்கலாம் என்கிறான் சிறுவன். அப்போது பரப்பு 8 ஆகாமல் 16 ஆகிவிடுகிறது. மூன்று அடி என்கிறான், 9 வருகிறது. தனக்குத் தெரியவில்லை என்று உணர்ந்த பிறகு, தொடர்ந்து வரும் கேள்விகளின் வழியே, மூலைவிட்டத்தின் மேல் வரையும் சதுரமே விடை என்பதைக் கண்டுகொள்கிறான். அறிவு உள்ளேயே இருந்தது, ஆசிரியர் அதை நினைவூட்டினார் என்பது பிளேட்டோ தரும் விளக்கம். அந்த விளக்கத்தை ஏற்காதவர்களும்கூட, கேள்வி கேட்டுக் கற்பிக்கும் முறைக்கு இதை முன்மாதிரியாகக் கொள்கின்றனர்.

நாட்டை ஆளத் தகுதியானவர்களுக்குப் பிளேட்டோ வகுத்த பாடத்திட்டம் மிக நீண்டது. இளமையில் இசையும் இலக்கியமும் உடற்பயிற்சியும். 20 முதல் 30 வயது வரை எண்கணிதம், வடிவியல், வானியல், இசையியல். அடுத்த 5 ஆண்டுகள் தருக்க ஆராய்ச்சி. பின் 15 ஆண்டுகள் பொதுப்பணி. 50 வயதிலேயே ஒருவர் ஆட்சிக்குத் தகுதி பெறுகிறார். கணிதம் இங்கு வணிகத்துக்காக இடம்பெறவில்லை; மாறுவனவற்றிலிருந்து மாறாதவற்றின் பக்கம் மனத்தை இழுப்பதற்காகவே இடம்பெற்றது. பெண்களும் ஆட்சியாளர் ஆகலாம் என்று கூறியது அக்காலத்துக்குப் புதுமையாகும். எனினும் இந்த உயர்கல்வி தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மட்டுமே உரியது.

ஃபுரோபலும் குழந்தைப் பூங்காவும்

இலட்சியவாதம் உயர்கல்வியோடு நின்றுவிடவில்லை. ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெடரிக் ஃபுரோபல் (1782–1852), 1840-இல் 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரை உருவாக்கினார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் இருக்கும் ஆற்றல், செடி வளர்வதுபோல உள்ளிருந்து மலர்கிறது என்று அவர் நம்பினார். அவர் உருவாக்கிய 'பரிசுகள்' என்னும் விளையாட்டுப் பொருள்களில் முதலாவது, கம்பளி நூலால் ஆன வண்ணப் பந்துகள். பந்து வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. அனைத்தையும் இணைக்கும் ஒருமையின் குறியீடு என்பது ஃபுரோபலின் எண்ணம்.

யதார்த்தவாதம்

அரிஸ்டாட்டில்

பிளேட்டோவின் கல்விக்கூடத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் இருந்த அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) ஆசிரியரிடமிருந்து ஓர் அடிப்படைச் செய்தியில் வேறுபட்டார். வடிவம் தனியான உலகில் இல்லை. அந்தந்தப் பொருளுக்குள்ளேயே உள்ளது என்றார். எனவே குதிரையின் இயல்பை அறியக் குதிரைகளை உற்றுநோக்க வேண்டும். உயிரினங்களைப் பற்றி அவர் விரிவாக ஆராய்ந்து எழுதியதற்கு இந்த நிலைப்பாடே அடிப்படை. ஒழுக்கத்திலும் அவர் இதே வழியைப் பின்பற்றினார். வீணை மீட்டி மீட்டியே வீணைக் கலைஞர் ஆவதுபோல, நேர்மையான செயல்களைச் செய்து பழகியே ஒருவர் நேர்மையானவர் ஆகிறார் என்பது அவர் கருத்து. அதாவது நன்மையைப் பற்றிய அறிவு மட்டும் போதாது, பழக்கம் வேண்டும்.

கொமேனியஸும் புலன்வழிக் கல்வியும்

ஐரோப்பியப் பள்ளிகள் நீண்ட காலம் இலத்தீன் இலக்கணத்தை மனப்பாடம் செய்விப்பதிலேயே மூழ்கியிருந்தன. பொருளை அறியாமல் சொல்லை மட்டும் கற்கும் இந்நிலையை மொராவியா நாட்டைச் சேர்ந்த ஜான் ஆமோஸ் கொமேனியஸ் (1592–1670) எதிர்த்தார். இவருக்கு முன்பே பிரான்சிஸ் பேக்கன் 1620-இல் வெளியிட்ட 'நோவம் ஆர்கனம்' நூலில், உற்றுநோக்கலிலிருந்து பொது உண்மைகளுக்குச் செல்லும் முறையை வலியுறுத்தியிருந்தார். கொமேனியஸ் அச்சிந்தனையைக் குழந்தைகளின் பாடநூலாக மாற்றினார்.

1658-இல் நியூரம்பர்க் நகரில் வெளியான அவருடைய 'ஆர்பிஸ் பிக்டஸ்' குழந்தைகளுக்கான படப் பாடநூல்களின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு பாடத்திலும் ஒரு படம் இருக்கும். படத்தில் உள்ள பொருள்களுக்கு எண்கள் இடப்பட்டிருக்கும். அதே எண்களுடன் இலத்தீனிலும் ஜெர்மன் மொழியிலும் பெயர்களும் விளக்கமும் இருக்கும். எழுத்துகள்கூட விலங்குகள், பறவைகளின் ஒலிகளோடு அறிமுகப்படுத்தப்பட்டன. முதலில் பொருள், பிறகு சொல் என்ற ஒழுங்கை இன்று எந்த மழலையர் பாடநூலிலும் காணலாம்.

20ஆம் நூற்றாண்டில் மரியா மாண்டிசோரி உருவாக்கிய கற்றல் கருவிகளும் இப்புலன் பயிற்சி மரபுக்கு நெருக்கமானவை. அளவில் படிப்படியாக வேறுபடும் மர உருளைகளை உரிய குழிகளில் பொருத்தும் குழந்தை, தவறினால் அதை உருளையே காட்டிக் கொடுத்துவிடும். ஃபுரோபலின் பந்து ஒரு கருத்தைச் சுட்டியது; மாண்டிசோரியின் உருளை தன் அளவைத் தானே கற்பிக்கிறது.

ஒப்பீடு

கல்வியின் நோக்கம்: இலட்சியவாதத்தில் ஆளுமையின் நிறைவும் உண்மை, நன்மை, அழகு ஆகிய விழுமியங்களை உணர்தலும். யதார்த்தவாதத்தில் உலகை உள்ளபடி அறிந்து அதில் திறம்பட வாழ்தல்.

கலைத்திட்டம்: முன்னதில் இலக்கியம், வரலாறு, தத்துவம், தூய கணிதம் ஆகியவற்றுக்கு முதலிடம். பின்னதில் இயற்கை அறிவியல், புவியியல், பயன்பாட்டுக் கணிதம், தாய்மொழி, தொழில்சார் பாடங்கள்.

கற்பித்தல் முறை: முன்னதில் வினா விடை, கலந்துரையாடல், சிறந்த நூல்களை ஆழ்ந்து கற்றல். பின்னதில் உற்றுநோக்கல், செய்முறை, களப்பயணம், எடுத்துக்காட்டுகளிலிருந்து விதிக்குச் செல்லுதல்.

ஆசிரியர்: முன்னதில் மாணவர் பின்பற்றத்தக்க ஆளுமை. பின்னதில் பாடத்தில் புலமை பெற்று, அதை முறைப்படி வரிசைப்படுத்தித் தரும் வல்லுநர். இங்கு ஆசிரியரின் சொந்த விருப்பத்தைவிடச் சான்றுக்கே மதிப்பு.

மதிப்பீடு: முன்னதில் கட்டுரை, விளக்கம், வாதத் திறன். பின்னதில் சரி பார்க்கக்கூடிய விடைகள், செய்முறைத் தேர்வு.

ஒரே பாடம், இரு வழிகள்

முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் ஆளுக்கொரு முக்கோணம் வரைந்து பாகைமானியால் அளக்கிறார்கள். ஒருவருக்கு 179, மற்றொருவருக்கு 181, வேறொருவருக்கு 178 வருகிறது. ஆசிரியர் என்ன சொல்வார்?

இலட்சியவாத ஆசிரியர், தாளில் உள்ளது முக்கோணத்தின் படம் மட்டுமே என்பார். உச்சியின் வழியே அடிப்பக்கத்துக்கு இணைகோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதிலிருந்து கூடுதல் 180 ஆகவே இருக்க வேண்டும் என்று நிறுவச் செய்வார். யதார்த்தவாத ஆசிரியர் காகித முக்கோணத்தின் மூன்று முனைகளையும் வெட்டி அருகருகே ஒட்டச் செய்வார். அவை ஒரு நேர்கோட்டில் அமைவது கண்ணுக்குத் தெரியும். அளவுகள் ஏன் வேறுபட்டன, பென்சில் முனையின் தடிமன் எவ்வளவு, பாகைமானியை எப்படி வைத்தோம் என்பதையும் ஆராயச் செய்வார்.

இரண்டிலும் ஒன்று விடுபடுகிறது. முதல் வழியில் மட்டும் கற்றவர், நிறுவலை ஒப்பித்துவிட்டு ஒரு கூரைச் சட்டத்தின் கோணத்தை அளக்கத் தெரியாமல் நிற்கக்கூடும். இரண்டாம் வழியில் மட்டும் கற்றவர், ஆயிரம் முக்கோணங்களை அளந்தாலும் எல்லா முக்கோணங்களுக்கும் இது பொருந்தும் என்று உறுதி கூற முடியாது. அளந்து பார்த்து ஐயம் எழுந்த பிறகு நிறுவலுக்குச் செல்லும் பாடம் இரண்டின் பயனையும் தருகிறது.

பிரஷ்யாவின் பள்ளிகள்: ஒரு வரலாற்றுச் சான்று

இந்த வேறுபாடு மாணவர்களின் வாழ்க்கையையே தீர்மானிக்கக்கூடும் என்பதை ஜெர்மனியின் வரலாறு காட்டுகிறது. 1747-இல் ஜோஹன் ஜூலியஸ் ஹெக்கர் பெர்லினில் 'ரியால்ஷூலே' என்ற பள்ளியைத் தொடங்கினார். பெயரில் உள்ள 'ரியால்' என்பது பொருள் எனக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. கணிதம், இயந்திரவியல், இயற்கை, தொழில் ஆகியவற்றைப் பொருள்களின் வழியே கற்பிப்பது அதன் நோக்கம்.

1809-இல் பிரஷ்யாவின் கல்வித் துறைப் பொறுப்பை ஏற்ற வில்ஹெல்ம் வான் ஹம்போல்ட் வேறு நோக்குக் கொண்டவர். தொழில் பயிற்சிக்கு முன்பு மனிதரை முழுமையாக உருவாக்கும் பொதுக்கல்வி வேண்டும் என்றார். கிரேக்கமும் இலத்தீனும் கணிதமும் அதற்குச் சிறந்த வழி எனக் கருதப்பட்டன. அவர் முயற்சியால் 1810-இல் பெர்லின் பல்கலைக்கழகம் உருவானது; செம்மொழிகளை மையமாகக் கொண்ட ஜிம்னாசியம் பள்ளி முதன்மை பெற்றது.

ஹம்போல்டின் எண்ணம் எல்லாருக்குமான மனித மேம்பாடு. ஆனால் நடைமுறையில் விளைந்தது வேறு. 1834 முதல் பல்கலைக்கழக நுழைவுக்கு ஜிம்னாசியத்தின் இறுதித் தேர்வே வாயிலாயிற்று. இயற்பியலும் வேதியியலும் நவீன மொழிகளும் கற்ற மாணவர்கள் கிரேக்கம் கற்காததால் வெளியே நின்றனர். தொழில்மயமாகி வந்த நாட்டில் இது நீண்ட விவாதமாயிற்று. 1900-இல்தான் அறிவியலையும் நவீன மொழிகளையும் மையமாகக் கொண்ட உயர்நிலைப் பள்ளிகளின் தேர்வும் கொள்கையளவில் சமமாக ஏற்கப்பட்டது. எந்த அறிவு உயர்ந்தது என்ற தத்துவ முடிவு, எந்தப் பிள்ளை எந்தக் கதவின் வழியே செல்லலாம் என்ற முடிவாகவும் மாறிவிட்டதை இங்குக் காண்கிறோம்.

விமர்சனங்கள்

இலட்சியவாதம் உழைப்பையும் உடலையும் கீழாகக் கருதும் போக்குக்கு இடமளிக்கிறது என்றும், மாறாத விழுமியங்கள் என்ற பெயரில் ஒரு காலத்தின் மேல்தட்டுப் பண்பாட்டையே நிலைநிறுத்துகிறது என்றும் விமர்சிக்கப்படுகிறது. ஆசிரியரை மிக உயர்த்துவதால் மாணவர் எதிர்க்கேள்வி கேட்கத் தயங்குவர் என்பது மற்றொரு குறை.

யதார்த்தவாதம் உலகம் எப்படி உள்ளது என்று சொல்கிறது. எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதனிடம் போதிய விடை இல்லை என்பது அதன் மீதான முதன்மைக் குறை. தகவல் திரட்டாகக் கல்வி சுருங்கும் ஆபத்தும் உண்டு. சார்லஸ் டிக்கன்ஸ் 1854-இல் எழுதிய 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில், குதிரைகளோடு வளர்ந்த சிறுமிக்குக் குதிரையை வரையறுக்கத் தெரியவில்லை. பற்களின் எண்ணிக்கையை ஒப்பிக்கும் சிறுவன் பாராட்டுப் பெறுகிறான். இக்காட்சி யதார்த்தவாதத்தின் மீதான கேலியாக எடுத்துக்காட்டப்படுவதுண்டு. உண்மையில் குதிரையைக் காட்டாமல் குதிரையைப் பற்றிய சொற்களை மட்டும் கற்பிப்பதைத்தான் கொமேனியஸும் எதிர்த்தார். தகவலை மனப்பாடம் செய்விப்பதை யதார்த்தவாதம் என்று கொள்வது பொருந்தாது.

ஜான் டூயி (1859–1952) 1916-இல் வெளியிட்ட 'ஜனநாயகமும் கல்வியும்' நூலில் மனம், பொருள் என்ற பிரிவினையையே கேள்விக்குள்ளாக்கினார். செயலில் ஈடுபடும்போது இரண்டும் ஒன்றாகவே இயங்குகின்றன என்பது அவருடைய பயன்வழிவாதத்தின் நிலைப்பாடு.

இந்தியச் சிந்தனையும் இன்றைய வகுப்பறையும்

இந்தியக் கல்வியாளர்களை இப்பிரிவுகளில் ஒன்றுக்குள் அடக்குவது கடினம். 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில், நூல் நூற்றல் போன்ற கைத்தொழிலின் வழியே கணக்கும் பிற பாடங்களும் கற்பிக்கப்பட வேண்டும். முறை பொருள் சார்ந்தது. உண்மை, அகிம்சை என்ற நோக்கமோ விழுமியம் சார்ந்தது. தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் தொடங்கிய பள்ளியும் மரநிழலில் இயற்கையைக் காணச் செய்தது. அதன் வழியே அவர் தேடியது மனிதருக்கும் உலகுக்கும் இடையிலான ஒருமை.

இன்று ஒரே பள்ளியில் ஆய்வகமும் அறநெறி வகுப்பும் அருகருகே நடைபெறுகின்றன. எனினும் பழைய கேள்வி மறையவில்லை. இலக்கியப் பாடவேளையைக் குறைத்து அறிவியலுக்குத் தரலாமா, தேர்வில் அளக்க முடியாத பண்பைப் பள்ளி வளர்க்க வேண்டுமா, தொழிற்கல்வி பெற்றவர் பல்கலைக்கழகம் செல்லலாமா என்று விவாதிக்கும்போதெல்லாம் இவ்விரு மரபுகளின் குரல்களே ஒலிக்கின்றன. தாம் எடுக்கும் பாடத்தில் எந்தக் குரல் மேலோங்குகிறது, எது விடுபடுகிறது என்று கண்டறிய ஆசிரியருக்கு உதவுவதே கல்வித் தத்துவத்தைக் கற்பதன் நடைமுறைப் பயனாகும்.