புது லாரி கைக்கு வந்தாச்சா? முதல் ஒரு மாதம் இதையெல்லாம் கவனிங்க டிரைவர்களே!

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்கண்ணாடியில் சந்தனப் பொட்டு, பம்பரில் மாலை, சாலையோரம் உடைத்த பூசணிக்காய். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் புது லாரி வந்து இறங்கும் நாள், வீட்டில் ஒரு கல்யாணம் நடப்பது மாதிரிதான். மறுநாள் விடியற்காலையில் டிரைவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால், டேஷ்போர்டில் வரிசையாக விளக்குகள் எரிந்து அணையும். இருபது வருஷ அனுபவம் உள்ளவருக்கும் அந்த நிமிடம் கொஞ்சம் வயிற்றைப் பிசையும்.

காரணம் இருக்கிறது. பழைய லாரியை டிரைவர்கள் காதால் ஓட்டினார்கள். இன்ஜின் சத்தத்தை வைத்தே கியர் மாற்றினார்கள், கிளீனர் பையன் பானெட்டைத் திறந்தால் பாதி பிரச்னை அங்கேயே தீர்ந்தது. 2020 ஏப்ரல் 1-ம் தேதி பி.எஸ்.6 விதி வந்த பிறகு, லாரியின் மூளை ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போய்விட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி-யும் கட்டாயம். இதோடு, பத்துச் சக்கர லாரி ஓட்டியவர் நேராக ட்ரெய்லருக்கு மாறுகிறார் என்றால், ஒரே நேரத்தில் இரண்டு புது வண்டியைப் பழகுவது போல.

பழகும் நாட்களில் செய்கிற தப்புக்கு விலை அதிகம். வண்டி சர்வீஸ் சென்டரில் நான்கு நாள் நின்றால் டிரிப் போகும், பேட்டா போகும். லோன் டியூ தேதி மட்டும் நிற்காது.

யூரியா டேங்க்: ஒரு நிமிட கவனக்குறைவு

பி.எஸ்.6 லாரிகளில் டீசல் டேங்குக்குப் பக்கத்திலேயே நீல மூடி போட்ட சின்ன டேங்க் ஒன்று இருக்கும். அதில் ஊற்றுவது டி.இ.எஃப். டிரைவர்கள் பேச்சில் ஆட்ப்ளூ அல்லது யூரியா. 32.5 சதவிகிதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர், அவ்வளவுதான். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. உர யூரியாவிலும் குழாய்த் தண்ணீரிலும் இருக்கிற உப்பு, சைலன்சர் பக்கம் உள்ள வினையூக்கியைக் கெடுத்துவிடும். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய், பெரிய பில்லாகத் திரும்பி வரும்.

இரவு நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு டீசல் டேங்கில் யூரியாவை ஊற்றிவிடுவதும் உண்டு. அப்படி நடந்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. சாவியைக்கூட போடாமல் சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தால், டேங்கைச் சுத்தம் செய்வதோடு போகலாம். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் வரைக்கும் போய்விடும்.

யூரியா தீர்ந்தால் என்ன ஆகும்? முதலில் விளக்கு எரியும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் இன்ஜின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். லோடோடு மேடு ஏறும்போது இது நடந்தால் பின்னால் வருகிற அத்தனை வண்டிக்கும் ஆபத்து.

இன்னொரு பழக்கத்தையும் மாற்ற வேண்டும். வண்டியை நிறுத்தியதும் பேட்டரி மெயின் சுவிட்சைப் பட்டென்று அணைப்பார்கள். இன்ஜின் நின்ற பிறகும் யூரியா குழாயில் மிச்சம் இருப்பதை டேங்குக்குத் திருப்பி இழுக்கும் வேலை கொஞ்ச நேரம் நடக்கும். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து அணைத்தால் நல்லது. இல்லையென்றால் உப்பு பூத்த மாதிரி வெள்ளையாகப் படிந்து குழாய் அடைக்கும்.

வைக்கோல் லோடு பக்கத்தில் வேண்டாம்

புகையில் உள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டிக்கு டி.பி.எஃப் என்று பெயர். கரி நிறைந்ததும் வண்டியே அதை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஹைவேயில் சீராக ஓடும் லாரிக்கு இது நடப்பதே தெரியாது. ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் லாரிக்குத்தான் தலைவலி. விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி, பட்டனை அழுத்தி, அரை மணி நேரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

அந்த நேரத்தில் சைலன்சர் வழியாக வரும் காற்றின் சூடு பல நூறு டிகிரி. காய்ந்த புல், வைக்கோல், பெட்ரோல் பங்க், மர நிழல் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. லோடு இறக்க அவசரம் என்று பாதியில் நிறுத்தி நிறுத்தி விட்டால், கடைசியில் வடிகட்டியையே கழற்ற வேண்டி வரும்.

பாடி கட்டும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டறையில் வண்டியின் மேல் வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, டிரைவரே பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. வெல்டிங் கரன்ட் கம்ப்யூட்டர் பெட்டியைச் சுட்டுவிடும். அந்தப் பெட்டி மேல் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவுவதும் வேண்டாம்.

தொப்பூர் இறக்கமும் நியூட்ரலும்

தர்மபுரியிலிருந்து சேலம் வருகிற வழியில் தொப்பூர் கணவாய் எப்படிப்பட்ட இடம் என்று எந்த டிரைவருக்கும் சொல்லத் தேவையில்லை. 2020 டிசம்பரில் சிமென்ட் லோடு லாரி ஒன்று, நின்றிருந்த வாகனங்கள் மேல் மோதி 4 பேர் உயிரிழந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்த விபத்துகள் ஏராளம். இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள் என்று போலீஸ் பலமுறை எச்சரித்தும், டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை.

புது லாரியைப் பொறுத்தவரை அந்தக் கணக்கே தப்பு. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், கம்ப்யூட்டர் இன்ஜினுக்கு டீசல் விடுவதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால், இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். அதாவது நியூட்ரலில்தான் டீசல் அதிகம் போகிறது!

நியூட்ரலில் இன்ஜின் பிடிமானமும் இல்லை. மொத்த லோடையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், ஒரு கட்டத்துக்கு மேல் பிரேக் பிடிக்காது. எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்குவது பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு. புது லாரியின் எக்ஸாஸ்ட் பிரேக், இன்ஜின் பிரேக் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை இறக்கத்தில் தேடக் கூடாது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து அதைப் போட்டுவிட வேண்டும்.

வால் எங்கே போகிறது?

ட்ரெய்லரில் முன்வண்டி ஒரு பக்கம் திரும்பினால், பின்சக்கரம் அதே தடத்தில் வராது. வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஊருக்குள் இடது பக்கம் திரும்பும்போது டீக்கடை பந்தலும், நிறுத்திவைத்த பைக்கும் மாட்டுவது இதனால்தான். முன்வண்டியைத் தாராளமாக நேரே விட்டு, பிறகு திருப்ப வேண்டும். அப்படி விடும்போது இடது பக்கம் கிடைக்கிற சந்தில் ஸ்கூட்டர் நுழைந்துவிடும். கிளீனர் இல்லாமல் தனியாகப் போகிறவர்களுக்கு அந்தப் பக்கக் கண்ணாடிதான் துணை. (பைக் ஓட்டும் வாசகர்களும் கவனிக்க: ட்ரெய்லர் இண்டிகேட்டர் போட்டிருந்தால் அதன் இடது பக்கம் போகவே போகாதீர்கள். டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.)

ரிவர்ஸ் இன்னும் குழப்பம். வால் வலது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை முதலில் இடது பக்கம் திருப்ப வேண்டும். காலி ட்ரெய்லரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலி மைதானத்தில் இரண்டு மணி நேரம் பழகினாலே பாதி பயம் போகும். கோணம் தப்பினால் பிடிவாதமாகத் தள்ளாமல், முன்னே எடுத்து நேராக்கிவிட்டு மறுபடி முயலலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ட்ரெய்லரை மாட்டியதும், ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடியே முதல் கியரில் லேசாக முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். பூட்டு சரியாக விழுந்திருந்தால் வண்டி முரண்டு பிடிக்கும். அதன் பிறகும் இறங்கிப்போய் டார்ச் அடித்து, தட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட வேண்டும். லோடோடு ட்ரெய்லர் கழன்று நிற்கும் விபத்துகளைத் தடுப்பது இந்த இரண்டு நிமிட வேலைதான்.

குளுகுளு கேபினில் தூக்கம்

ஏ.சி வந்ததில் டிரைவர்களுக்குச் சந்தோஷம். மே மாதத்தில் விஜயவாடா பக்கம் ஓட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் சத்தமில்லாத, குளிர்ந்த கேபினில் நள்ளிரவு 2 மணிக்கு மேல் கண் சொக்கும். உள்காற்றே சுற்றும் பட்டனைப் போட்டு மணிக்கணக்கில் ஓட்டினால் மந்தம் இன்னும் கூடும். அவ்வப்போது வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை மூடி, ஏ.சி-யில் தூங்குவது கூடவே கூடாது. எங்காவது புகைக் கசிவு இருந்தால் தூக்கத்திலேயே உயிர் போகலாம்.

2025 நவம்பர் வரை அமலில் இருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961-ன்படி ஒரு நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு என்று இருந்தது. நடைமுறையில் எத்தனை பேருக்கு அது கிடைத்தது என்பது முதலாளிகளும் டிரைவர்களும் அறிந்த கதை. ஜி.பி.எஸ்-ஐப் பார்த்து 'ஏன் வண்டி நிற்கிறது' என்று போன் செய்யும் முதலாளிகள், முதல் ஒரு மாதமாவது கொஞ்சம் பொறுக்கலாம்.

டெலிவரி எடுக்கும் நாளில் ஷோரூமில் போட்டோ எடுத்த கையோடு கிளம்பிவிடாமல், அங்குள்ள பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டுவது உத்தமம். எந்த விளக்கு மஞ்சள், எது சிவப்பு, எது எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பதை டிரைவர் தன் செல்போனில் வீடியோவாக எடுத்துக்கொள்ளலாம். ஹெல்ப்லைன் எண்ணை கேபினுக்குள் பெரிய எழுத்தில் ஒட்டிவைத்து, தமிழில் பேசுகிறார்களா என்று அங்கிருந்தே ஒருமுறை அழைத்துப் பார்த்துவிடலாம்.