செவிவழி வந்த இசை: அயர்லாந்தும் பிரித்தனியும்



வாய்மொழிப் பாடல் ஒன்றை எழுதி வைத்துவிட்டால் அது காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். சொற்கள் நிற்கும், மெட்டும் ஓரளவு நிற்கும். பாடியவர் எங்கே மூச்செடுத்தார், வாசித்தவரின் விரல் எவ்வாறு அசைந்தது என்பன தாளில் ஏறுவதில்லை. மேற்கு ஐரோப்பாவின் கடலோரத்திலே வாழும் இரு சிறு இனத்தவர்கள், அயர்லாந்து மக்களும் பிரித்தனி மக்களும், இந்த இக்கட்டோடு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடி வந்துள்ளனர். அவர்களுடைய அனுபவத்தைப் பற்றியதே இன்றைய உரை.

பிரித்தனி என்ற பெயர் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். பிரான்சின் மேற்கு முனையிலே அத்திலாந்திக் சமுத்திரத்துள் நீண்டு கிடக்கும் குடாநாடு அது. 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில் பிரித்தானியத் தீவிலிருந்து கடல் கடந்து சென்று குடியேறியவர்களின் மொழியே அங்கு வழங்கும் பிரெத்தோன். பிரெஞ்சு மொழிக்கும் அதற்கும் பிறப்பால் நெருக்கமில்லை. வேல்ஸ் மொழியே அதன் உடன்பிறப்பு. ஐரிஷ் மொழி அதே கெல்டியக் குடும்பத்தில் சற்றுத் தூரத்து உறவு.

முதலில் அயர்லாந்து. 1792ஆம் ஆண்டு யூலை மாதம் பெல்பாஸ்ற் நகரிலே யாழிசைஞர்களின் விழா ஒன்று கூட்டப்பட்டது. (‘ஹாப்’ எனப்படும் வாத்தியத்தை யாழ் என்றே சொல்கின்றேன். விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூலை’ அறிந்தவர்கள் ஆட்சேபிக்கமாட்டார்கள்.) பத்து ஐரிஷ் யாழிசைஞரும் வேல்ஸ் நாட்டவர் ஒருவரும் வந்தனர். பலர் முதியவர்கள், சிலர் கண்பார்வை அற்றவர்கள். பழைய பிரபுக்களின் மாளிகைகளை நம்பி வாழ்ந்த அந்தக் கலைஞர்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அவர்கள் வாசித்தவற்றை எழுதியெடுக்க நியமிக்கப்பட்டவர் 19 வயது நிரம்பிய எட்வேட் பண்டிங், தேவாலயத்தில் ஓகன் வாசிப்பவர். ஒரு சுரத்தைக்கூடக் கூட்டி எழுதலாகாது என்று அவருக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது.

வந்தவர்களுள் மூத்தவர் டெனிஸ் ஹெம்சன்; வயது தொண்ணூற்றைத் தாண்டியிருந்தது. உலோக நரம்புகளை நீண்ட நகங்களால் மீட்டும் தொன்மையான முறையை அங்கு கைக்கொண்டவர் அவர் ஒருவரே. பண்டிங் எழுதினார். ஆனால் 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் அவர் நூல்களாக வெளியிட்டபோது மெட்டுகள் யாவும் பியானோவுக்கு ஏற்றவையாக மாற்றப்பட்டிருந்தன. வாங்குவோர் வீட்டில் இருந்தது பியானோ. அவரைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. ஹெம்சன் 1807இல் மறைந்தார். அடுத்து வந்த தலைமுறைகளுள் அந்த நகமுறை மறைந்தொழிந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே சிலர் உலோக நரம்பு யாழை மீண்டும் செய்து மீட்ட முற்பட்டபோது, அச்சு நூல்களை விட்டுப் பண்டிங்கின் கையெழுத்துக் குறிப்புகளையே தேடிப்போக வேண்டியிருந்தது.

அடுத்தவர் ஒரு பொலிஸ் அதிகாரி. பிரான்சிஸ் ஓநீல் 1848இல் கோர்க் மாவட்டத்திலே பஞ்ச காலத்தில் பிறந்தவர். பதின்பருவத்தில் வீட்டைவிட்டுப் புறப்பட்டுக் கப்பலோடியாகி, இறுதியிற் சிக்காகோ நகரப் பொலிஸில் சேர்ந்து, 1901 முதல் 1905 வரை அதன் தலைவராகவும் இருந்தார். புல்லாங்குழல் வாசிப்பார். ஊரில் கேட்ட மெட்டுகள் நூற்றுக்கணக்கில் நினைவில் இருந்தன. ஆனால் இசைக்குறியீட்டில் எழுதும் பயிற்சி அவருக்கு இருக்கவில்லை. ஆகவே அவர் வாசித்துக் காட்ட, ஜேம்ஸ் ஓநீல் என்ற மற்றொரு பொலிஸ்காரர் எழுதினார். பெயர் ஒன்றாயினும் இருவரும் உறவினர் அல்லர். 1903இல் 1,850 உருப்படிகள் கொண்ட நூல் வெளிவந்தது. 1907இல் 1,001 நடன மெட்டுகள் கொண்ட மற்றொரு நூல். அயர்லாந்து இசையின் மாபெரும் தொகுப்பு அமெரிக்க நகரம் ஒன்றிலே, புலம்பெயர்ந்தவர்களின் ஞாபகத்திலிருந்து உருவானது!

அந்நூலைத் திறந்து பார்ப்பவர் ஏமாறவுங்கூடும். ரீல், ஜிக் எனப்படும் நடன மெட்டுகள் பெரும்பாலும் எட்டு எட்டு அளவுகள் கொண்ட இரண்டு பகுதிகளே. ஒவ்வொரு பகுதியும் இருமுறை வரும். தாளில் அரைப்பக்கம்கூட ஆகாது. உயிர் எங்கே இருக்கின்றது என்றால், நமது கமகம் போன்று சுரத்தைத் தொட்டும் வெட்டியும் சுழற்றியும் செல்லும் அலங்காரங்களிலே இருக்கின்றது; வயலினில் வில் திரும்பும் இடத்திலே இருக்கின்றது; இரண்டாம் முறை வரும்போது வாசிப்பவர் செய்யும் சிறு மாற்றத்திலே இருக்கின்றது. கிளெயர் மாவட்டத்தாரின் நடை வேறு, டொனகல் மாவட்டத்தாரின் நடை வேறு. எழுதப்பட்ட மெட்டு எலும்புக்கூடு. ஓநீலின் நூலைக் கைக்கொண்ட கலைஞர்களும், ஒருவர் வாசிக்கக் கேட்ட பின்னரே மெட்டு தம்வசமாயிற்று என்று கருதினர்.

இசைத்தட்டு வந்ததும் இக்குறை தீர்ந்ததா? ஒரு பாதி தீர்ந்தது. ஸ்லைகோ மாவட்டத்து வயலின் கலைஞரான மைக்கல் கோல்மன் 1920களில் நியூயோர்க்கிலே பதிவு செய்த இசைத்தட்டுகள் தாயகத்துக்குத் திரும்பிச் சென்றன. இப்போது நடையும் அலங்காரமும் காதில் விழுந்தன. ஆனால் எத்தனையோ ஊர்களில் இளைஞர்கள் அயலில் இருந்த கிழவரை விட்டுவிட்டுக் கோல்மனைப் பின்பற்றத் தொடங்கினர். ஒருவரின் மேதைமை பலருடைய ஊர்நடைகளை அமுக்கிவிட்டது. இது யாருடைய குற்றமுமன்று. ஆயினும் இழப்பு இழப்பே.

இங்கேதான் வாசிப்பவனே ஆராய்பவனாகவும் இருக்கவேண்டிய தேவை எழுகின்றது. சேமஸ் எனிஸ் 1942 முதல் 1947 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணைக்குழுவுக்காகப் பாடல் தேடி அலைந்தவர். போர்க்காலம், எரிபொருள் இல்லை, ஆதலால் துவிச்சக்கர வண்டியிலே சென்றார். அவருக்கு ஐரிஷ் மொழி தெரியும். அத்தோடு முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இலன் குழலில் அவர் வித்துவான். வீட்டுக்கு வந்தவர் தாமும் வாசிக்கக்கூடியவர் என்றறிந்தால் எந்தக் கிழவிதான் பாட மறுப்பாள்? அரசாங்க உத்தியோகத்தரான பிரெண்டன் பிரானக் என்பவரும் அதே குழலை வாசித்தவரே. 1963இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நடன மெட்டுத் தொகுதிகளில் ஒவ்வொரு மெட்டும் யாரிடம் பெறப்பட்டது என்று குறித்தார். ஒரே மெட்டுக்குப் பத்துப் பெயர்கள் வழங்கும் குழப்பத்தைத் தீர்க்க, மெட்டின் தொடக்கச் சுரங்களைக் கொண்டு அட்டவணை தயாரித்தார். இலன் குழல் வாசிப்போர் அருகிவந்த நிலையிலே 1968இல் தொடங்கிய சங்கத்திலும் அவர் முன்னின்றார். அந்தக் குழலிசையை யுனெஸ்கோ 2017இல் மானிடத்தின் மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

கற்பித்தலுக்கு ஓர் உதாரணம். கிளெயர் மாவட்டத்து மில்ரவுன் மல்பேயைச் சேர்ந்த குழல் கலைஞர் வில்லி கிளான்சி 1973ஆம் ஆண்டு சனவரியில் காலமானார். அவ்வாண்டு கோடையிலேயே நண்பர்கள் அவர் பெயரால் ஒரு பயிற்சிக் கிழமையைத் தொடங்கினர். இன்றும் ஆண்டுதோறும் யூலையில் நடைபெறுகின்றது. பரீட்சை இல்லை, போட்டி இல்லை. காலையிலே கலைஞர் ஒருவர் மெட்டைச் சிறு துண்டுகளாக வாசிக்க மாணவர் கேட்டுத் திருப்பி வாசிப்பர். மாலையிலே ஊரின் மதுச்சாலைகளிலும் சமையலறைகளிலும் அதே ஆசிரியர் மற்றவர்களோடு கூடி வாசிப்பதைப் பக்கத்திலிருந்து கேட்பர். பரீட்சைத் தாள்களைத் திருத்தியே காலத்தைப் போக்கும் எனக்கு இதில் சிறிது பொறாமை உண்டு.

இனிப் பிரித்தனிக்குச் செல்வோம். அங்கு சிக்கல் மொழியோடு பிணைந்தது. 1839இல் லா வில்மார்க்கே என்ற 24 வயது இளைஞர் ‘பார்சாஸ் பிரேஸ்’ எனும் பிரெத்தோன் பாடற்றொகுதியை வெளியிட்டார். ஐரோப்பா வியந்தது. பின்னர் ஐயம் பிறந்தது. 1872இல் லுசெல் என்ற தொகுப்பாளர், தாம் ஊர் ஊராகத் திரிந்தும் இத்தகைய பாடல்களைக் கேட்டதில்லை என்ற அடிப்படையிலே, அந்நூலின் நம்பகத்தன்மையைப் பகிரங்கமாக மறுத்தார். லா வில்மார்க்கே தமது குறிப்பேடுகளைக் காட்டவில்லை. 1895இல் பழியோடு மறைந்தார். 1964இல் டொனாசியன் லொராங் என்ற ஆய்வாளர் அக்குடும்பத்தாரிடமிருந்து அந்தக் குறிப்பேடுகளைப் பெற்றார். விவசாயிகள் வாய்மொழியாகப் பாடியவை பிரெத்தோன் மொழியில் அவசர அவசரமாக எழுதப்பட்டிருந்தன. ஆகவே அவர் உண்மையாகவே கேட்டெழுதியவர். ஆனால் கேட்டதைத் திருத்தினார், இணைத்தார், பழைமை ஏற்றினார். முற்றாக ஏமாற்றுக்காரரும் அல்லர், முற்றாக நம்பத்தக்கவரும் அல்லர். குறிப்பேட்டை அன்றே காட்டியிருந்தால் நூறாண்டுச் சண்டை மிஞ்சியிருக்கும்.

பிரித்தனியின் நடனப் பாட்டைக் ‘கான் ஹா டிஸ்கான்’ என்பர். இருவர் பாடுவது. முதலாமவர் ஓர் அடியைப் பாடுவார். அவர் முடிக்குமுன் அதன் கடைசி அசைகளிலே இரண்டாமவர் வந்து சேர்ந்து, பின்னர் அந்த அடியைத் தனியே பாடுவார். அதன் முடிவிலே முதலாமவர் மீண்டும் சேருவார். இதனால் பாட்டில் இடைவெளியே விழாது. கைகோத்து ஆடுவோரின் கால்கள் நிற்கவேண்டியதில்லை. போம்பார்ட், பினியு எனும் இரட்டை வாத்தியங்களும் இவ்வாறே. நாதஸ்வரச் சீவாளி போன்ற இரட்டை நாணல் பொருத்திய போம்பார்ட்டை ஊதுபவர் மூச்சு வாங்கும்போது, தோற்பை பொருத்திய பினியு மேல்ஸ்தாயியில் மெட்டை இழுத்துச் செல்லும்.

முன்னர் அறுவடை முடிந்த இரவுகளில் இந்த ஆட்டம் நடக்கும். புதுவீட்டு மண்தரையை மிதித்து இறுக்குவதற்கென்றே அயலாரை அழைத்து ஆடவைப்பதும் உண்டாம். இயந்திரங்கள் வந்தபின் கூட்டு வேலை குறைந்தது, ஆட்டமும் குறைந்தது. 1950களில் லோயிஸ் ரோபார்ஸ் என்ற ஆசிரியர், தாமும் பாடகர், பழைய பாடகர்களை அழைத்து மண்டபத்திலே மேடையும் ஒலிவாங்கியும் வைத்து ‘பெஸ்ற் நோஸ்’ எனும் இரவு விழாவைப் புதுப்பித்தார். 2012இல் யுனெஸ்கோ அதனையும் ஏற்றுக்கொண்டது. ஆடுவோருக்குக் குறைவில்லை. சொற்களை விளங்கிக்கொள்வோர்தாம் குறைந்து வருகின்றனர். பாடசாலையில் பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்திலே ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட்டு, அடுத்துப் பேசி அகப்படும் பிள்ளைக்கு அதை மாற்றச் செய்த காலம் ஒன்று இருந்தது. அதைச் செய்தவர்களும் ஆசிரியர்களே. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பேசிய மொழியை 2018இல் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரே பேசினர் என்று ஓர் ஆய்வு கூறியது.

1972இல் இளைஞர் சிலர் ‘டஸ்தும்’ என்ற ஒலிச்சுவடிக் கூடத்தை நிறுவினர். ‘திரட்டுதல்’ என்பது அச்சொல்லின் பொருள். ஒலிப்பதிவுக் கருவியோடு முதியவர்களின் வீடு தேடிச் சென்று பதிந்தவை இன்று இணையத்திலே கிடைக்கின்றன. டப்ளினில் 1987இல் தொடங்கிய ஐரிஷ் மரபிசைக் காப்பகத்தின் பணியும் இதுவே. பாடக் கற்கும் ஒருவர் தம் ஊர்க் கிழவியின் குரலை வீட்டிலிருந்தே கேட்டுச் சொல்லையும் மெட்டையும் பயிலலாம். பின்னர் இரண்டாம் குரலுக்கு ஒருவரைத் தேடிப் போகவேண்டும். முதலாமவர் எந்த அசையிலே மூச்சு விடுவார் என்பதை அவர் பக்கத்திலே, தோளோடு தோள் நின்றுதான் அறியலாம்.