யுத்த விமானங்கள் ஏன் வந்து சேரவில்லை?

"நூறு நிமிசத்துக்கு மேல இருந்திச்சே, ஒரு ஃபைட்டர் பிளேன் கூட வந்து தடுக்கல்லியே, அதெப்படி?"

2001 செப்டம்பர் 11 பற்றிக் கதை வரும்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் எழும்புவதில்லை. கைக்குக் கை மாறி வந்த ஒரு சீடியைப் பார்த்துவிட்டு நானும் கேட்டவன்தான். மேலிடத்துக் கட்டளையால் விமானப்படையைக் கட்டிப்போட்டார்கள் என்றது அந்தச் சீடி. நம்ப மனம் ஆசைப்பட்டது. அந்த நாளுக்குப் பிறகு விமான நிலையங்களில் நமது பெயர்களைப் பார்த்ததும் அதிகாரிகளின் முகம் மாறியதைக் கண்டவர்களுக்கு அந்த ஆசை விளங்கும்.

கேள்வி பிழையானதல்ல. ஆனால் நிமிடங்களை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம்?

முதல் விமானம் கடத்தப்பட்டது காலை 8.14 அளவில். நான்காவது பென்சில்வேனியா வயலில் விழுந்தது 10.03க்கு. மொத்தம் 109 நிமிடங்கள். ஆனால் உள்நாட்டு விமானங்களைக் கண்காணிப்பது ராணுவமல்ல, சிவில் விமானப் போக்குவரத்து நிர்வாகம். அவர்கள் சொன்னால்தான் ராணுவத்துக்குத் தெரியும். அமெரிக்க விசாரணை ஆணைக்குழு 2004இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதல் விமானம் பற்றி ராணுவத்துக்கு 8.37க்குச் சொல்லப்பட்டது, 8.46க்கு அது கோபுரத்தில் மோதிவிட்டது. ஒன்பது நிமிடம். நான்கிலும் ஆகக் கூடுதலாகக் கிடைத்த அவகாசம் இதுதான். இரண்டாவது மோதிய 9.03க்குத்தான் அதைப் பற்றிய தகவலே வந்தது. மூன்றாவதைக் காணவில்லை என்று 9.34க்குச் சொன்னார்கள், 9.37க்கு அது பென்டகனில் மோதியது. நான்காவது பற்றிச் சொன்னபோது மணி 10.07. அது விழுந்து நாலு நிமிடமாகியிருந்தது.

கண்டுபிடிக்கவே ஏன் இவ்வளவு நேரம்? பயணிகள் விமானத்தில் டிரான்ஸ்பொண்டர் என்றொரு கருவி இருக்கிறது. 'நான் இன்ன விமானம், இன்ன உயரத்தில் வருகிறேன்' என்று ராடாருக்கு அறிவித்துக்கொண்டே இருப்பது அதுதான். கடத்தியவர்கள் மூன்று விமானங்களில் அதை நிறுத்தினார்கள், ஒன்றில் குறியீட்டை மாற்றினார்கள். பென்டகனில் மோதிய விமானம் மேற்கே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கிழக்கே திரும்பியது. கட்டுப்பாட்டாளர்களோ அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே தேடினார்கள்; விழுந்துவிட்டது என்றும் நினைத்தார்கள். வொஷிங்டனை நோக்கி 36 நிமிடங்கள் யார் கண்ணிலும் படாமல் அது பறந்தது.

தயாராக நின்ற யுத்த விமானங்களும் கொஞ்சம்தான். அமெரிக்கப் பெருநிலம் முழுவதுக்கும் ஏழு தளங்களில் 14. வடகிழக்குப் பகுதிக்கு ஒடிஸ் தளத்தில் இரண்டு, லாங்லியில் இரண்டு. வெளியிலிருந்து வரும் எதிரியை எதிர்பார்த்து நின்றவை அவை. லாங்லியிலிருந்து கிளம்பிய கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 35 நிமிடங்களுக்கு முன்பே கோபுரத்தில் மோதிச் சிதறிய முதல் விமானம் இன்னும் வானில் இருப்பதாகவும், வொஷிங்டனுக்கு வருவதாகவும் 9.21க்குப் பிழையான தகவல் ஒன்று வந்தது. இல்லாத அந்த விமானத்தைத் தேடிக் கிளம்பியவை கிழக்கே கடலுக்கு மேலே போயின. பென்டகன் எரிந்தபோது அவை சுமார் 150 மைல் தூரத்தில் இருந்தன.

சீடி காட்டிய பெரிய ஆதாரம், 1999இல் கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டுவர்ட் மரணித்த விமானம். 9.33க்கு அதனுடன் தொடர்பு அறுந்ததாம், 9.52க்கெல்லாம் எஃப்-16 பக்கத்தில் போய்விட்டதாம். இருபது நிமிடம்கூட இல்லை! நானும் இதைப் பலரிடம் சொல்லித் திரிந்தேன். பிறகு விபத்து அறிக்கையைப் பார்த்தபோதுதான் வெட்கமாகப் போயிற்று. முதலாவது கிழக்கு நேரம், இரண்டாவது மத்திய நேரம். இடையில் ஒரு மணித்தியாலம் மறைந்திருக்கிறது. உண்மையில் எடுத்தது ஏறத்தாழ 80 நிமிடங்கள்.

அப்படியானால் ராணுவம் சுத்தமா? இல்லை. நொராட் என்ற வான் பாதுகாப்புத் தலைமையகம் சம்பவம் நடந்து ஒரு வாரத்தில் ஒரு நேர அட்டவணையை வெளியிட்டது. பென்டகன் விமானம் பற்றித் தமக்கு 9.24க்கே தெரியும் என்றது. நான்காவது பற்றி 9.16க்கே அறிந்ததாக 2003 மே மாதம் அதிகாரிகள் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள். அந்த விமானம் கடத்தப்பட்டதே 9.28க்கு! ஆணைக்குழு அழைப்பாணை அனுப்பி ஒலிநாடாக்களை வாங்கிக் கேட்ட பிறகுதான் இரண்டும் பிழையென்று வெளிவந்தது. நான்காவதைச் சுட்டு வீழ்த்த ஆயத்தமாக இருந்தோம் என்ற பேச்சும் நிற்கவில்லை. சுடும் அனுமதி வடகிழக்குப் பிரிவுக்குக் கிடைத்ததே 10.31க்கு, அதையும் அங்கிருந்தவர்கள் விமானிகளுக்குச் சொல்லவில்லை. விஷயம் பாதுகாப்புத் திணைக்களத்தின் பரிசோதகருக்குப் போனது. வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்று அவர் முடித்தார்.

எனக்கு அந்த முடிவு திருப்தியில்லை. ஆனாலும் ஒன்று விளங்குகிறது. தாங்கள் முன்கூட்டியே அறிந்திருந்ததாகக் காட்டிக்கொள்ளப் போய், 'அறிந்தும் ஏன் தடுக்கவில்லை' என்ற கேள்வியை அவர்களே உண்டாக்கிவிட்டார்கள். சீடியில் வந்த நிமிடக் கணக்கும் அந்தப் பிழையான அட்டவணையில் இருந்து எடுத்ததுதான்.

சீடி தந்த நானாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப கேக்க ஒண்டுமே இல்லயா?" என்றார்.

"இரிக்கி நானா. நாலாவது பிளேன் கடத்தப்பட்டது சிவில் தலைமையகத்துக்கு 9.34க்குத் தெரியும். ராணுவத்தக் கூப்பிடுவமாண்டு 9.49க்கும் கேட்டுக்கிட்டுத்தான் இரிந்தாங்க. ராணுவத்துக்குத் தெரிய 10.07 ஆவிட்டு, அதுவும் தலைமையகம் சொல்லல்ல, கிளீவ்லாந்து நிலையம் சொன்னது. அந்த 33 நிமிசத்தக் கேளுங்க."