ஒரகடத்தில் எந்த நெட் நல்லது?

செல்போன் கோபுரத்தில் மாட்டும் 5ஜி கருவிகளை நோக்கியா சென்னைக்கு அருகிலுள்ள ஒரகடத்தில் தயாரிக்கிறது. அதே ஒரகடத்துக்குப் புதிதாகக் குடிவருபவர் முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டில் கேட்பது: “அண்ணே, இங்க எந்த நெட் நல்லா வரும்?”

சரியான ஆளிடம்தான் கேட்கிறார். ஆனால் பலர் அதோடு விடாமல் இணையத்தில் தரவரிசைப் பட்டியல்களையும் தேடுகிறார்கள். நாடுகளின் இணைய வேகத்தை ஊக்லா நிறுவனம் ஒப்பிட்டு வெளியிடுகிறது. கம்பி வழி இணைய வேகத்தில் சிங்கப்பூர் முன்வரிசையில் நிற்கும், இந்தியா வெகுதூரம் பின்னால். தாங்களாகவே வேகத்தைச் சோதித்துப் பார்த்தவர்களின் அளவுகளை வரிசையாக அடுக்கி, நட்டநடுவில் இருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு இடைநிலை என்று பெயர். சராசரியை விட இது நேர்மையானது. ஒருவர் வீட்டில் 1000 எம்பிபிஎஸ், மற்ற ஒன்பது பேர் வீட்டில் 30 என்றால் சராசரி 127 என்று வரும். இடைநிலை 30 என்றே சொல்லும். ஆனால் கம்பியே வராத தெருவில் அந்தச் சோதனையைச் செய்ய ஆள் இல்லை. இந்தியாவின் பிராட்பேண்ட் இணைப்புகள் 90 கோடிக்கு மேல். அதில் கம்பி வழி வருவது 2024 கணக்கில் சுமார் 4 கோடிதான், மிச்சமெல்லாம் பெரும்பாலும் கைப்பேசி. சட்டக் கணக்கில் பிராட்பேண்ட் என்று சொல்ல எவ்வளவு வேகம் வேண்டும் தெரியுமா? 2 எம்பிபிஎஸ். அதுவும் 2023 ஜனவரியில் உயர்த்தியது. அதற்கு முன் அரை எம்பிபிஎஸ்.

விளம்பரத்தில் வரும் எண்ணை எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். 30 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு நான்கு எம்பி கூட இறங்காது. ஒரு ஜிபி படத்துக்கு நாலரை நிமிடம் ஆகும். ஜியோ 2020-இல் கொண்டுவந்த 399 ரூபாய்த் திட்டம் இந்த 30 எம்பிபிஎஸ்தான். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் கையை விட்டுப் போவது 471.

அடுத்தது, பங்கு. பரவலாகப் போடப்படும் ஜிபான் வகை ஃபைபரில் ஒரே இழையில் வரும் 2.5 ஜிபிபிஎஸ் வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் பிரித்துக்கொள்கின்றன. இரவு எட்டு மணிக்குமேல் எல்லா வீட்டிலும் படம் ஓடும்போதுதான் இழையின் யோக்கியதை தெரியும். நைட் ஷிப்ட் முடித்து வந்து காலை பத்து மணிக்குச் சோதித்துவிட்டு “சூப்பர் ஸ்பீடு” என்றால், ஆயுதபூஜை விடுமுறையில் வாலாஜாபாத் சாலையில் வண்டி ஓட்டிப் பார்த்த மாதிரி. மோடத்துக்குப் பக்கத்தில் நின்று, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில், இரவில் சோதியுங்கள். 2.4-இல் சோதித்துக் கம்பெனியைத் திட்டுவது நியாயமில்லை.

ஆனால் இந்தப் பகுதியில் என் முதல் கேள்வி வேகமே இல்லை. அறுந்தால் யார் வருவார், எத்தனை நாளில்? கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கம்பிக்கு உயரமான கன்டெய்னர் லாரியும் எமன்தான், சாலை அகலப்படுத்த வரும் ஜேசிபியும் எமன்தான். மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கினால் வழியில் எங்கோ இழை அறுந்திருக்கும், அல்லது மடங்கியிருக்கும். அதை ஒட்ட ஒரு மெஷினும் அதைப் பிடிக்கத் தெரிந்த கையும் வேண்டும். பெரிய கம்பெனியின் கால்சென்டரில் டிக்கெட் எண் கிடைக்கும். உள்ளூர் கேபிள்காரரோ ஏணியோடு வருவார். அவரைக் குறைவாக நினைக்க வேண்டாம்: கேபிள் ஆபரேட்டர்கள் சேர்ந்து நடத்தும் கேரளா விஷன், ஒரே மாநிலத்தை நம்பி, கம்பி வழி இணைப்பில் நாட்டின் முதல் ஐந்து நிறுவனங்களுக்குள் வந்திருக்கிறது. எனவே ஸ்ரீபெரும்புதூரோ சுங்குவார்சத்திரமோ, உங்கள் தெருவில் மூன்று வீட்டில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கரண்ட் போனால் மோடமும் அணையும். அதற்கென்றே 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் கிடைக்கிறது.

கம்பி எட்டாத இடத்துக்கு ஏர்ஃபைபர் இருக்கிறது. 2023 செப்டம்பரில் ஜியோ இதைத் தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. மொட்டை மாடியில் ஒரு பெட்டி, அது 5ஜி கோபுரத்தோடு பேசும். லாரிக்குப் பயமில்லை. ஆனால் அதே கோபுரத்தைத்தான் சுற்றியுள்ள கைப்பேசிகளும் உறிஞ்சுகின்றன. விடுதிகளும் ஷிப்ட் தொழிலாளர்களின் அறைகளும் நெருங்கிய இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

ஒரு அறையில் ஐந்து பேராகத் தங்கியிருப்பவர்கள் அந்த 471-ஐப் பங்கு போட்டால் ஆளுக்கு நூறு ரூபாய்கூட வராது. ஆனால் யாராவது ஒருவர் பெயரில்தான் இணைப்பு எடுக்க முடியும். ஒப்பந்தம் முடிந்து அவர் ஊருக்குப் போனால் சிக்கல் அங்கேதான். ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டு என்பார்கள். வேலை எத்தனை மாதம் என்று தெரியாதவர்கள் மாதாமாதமே கட்டுங்கள். காலி செய்யும்போது மோடத்தைத் திருப்பிக் கொடுத்து, ரசீதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.